ஜாக்குலின் வீட்டுக் கலர் ஃபேன்கள்

ஜாக்குலின் கம்ப்யூட்டரில் சிலை செதுக்குகிறாள். மாமல்லபுரத்துப் பட்டறையில் கல்லின் மேல் உளி விழுவதற்கு முன், வாங்குகிறவர் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க ஒரு படம் வேண்டும். அதைச் செய்வது அவள். அவள் அம்மா எல்லம்மாள் அதே பட்டறைகளில் கல்சில்லு சுமந்தவர்.

கோடைச் சூட்டில் அவள் கம்ப்யூட்டர் மிஷின் பாதி வேலையில் அணைய ஆரம்பித்தது. பட்டறை முதலாளி பத்ரி குரல் உயர்த்தாத மனிதர். எதற்குச் சிரமம், ஆபீசில் ஏசி இருக்கிறது, அங்கே வந்து செய்யலாமே என்றார். ஆபீசில் செய்யும் படம் பட்டறைப் பெயரில் போகும். வீட்டில் செய்தால் கீழ் மூலையில் அவள் பெயர் இருக்கும். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னொரு முறை நின்றால் வந்துவிடுகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

செங்கல்பட்டுக் கடைக்காரர் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கறுப்பு ஃபேன்களை எடுத்து வைத்தார். அவள் விளிம்பில் நிறம் ஓடும் ஃபேன்களைக் காட்டினாள்.

"அது கேம் ஆடுற பசங்க வாங்குறது மேடம். வேலை செய்ற மிஷினுக்கு இன்னாத்துக்கு லைட்டு?"

"வேலை செய்றவளுக்குக் கலர் ஆவாதா?"

அவர் சிரித்துவிட்டார். அவள் போனில் இருந்த மதர்போர்டு படத்தைப் பார்த்தவர், இதில் லைட்டுக்கு வருவது பன்னிரண்டு வோல்ட், இந்த ஃபேன் லைட் ஐந்துதான் தாங்கும், நேராகச் சொருகினால் எரிந்துவிடும் என்று எச்சரித்தார். பவர் சப்ளையிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்னக் கன்ட்ரோலர் பெட்டியும் ரிமோட்டும் சேர்த்துக் கொடுத்தார்.

ஜாக்குலினின் கணவன் ஜோஷ்வா அணுபுரத்தில் எலக்ட்ரிகல் வேலை செய்பவன். பெட்டியைப் பிரித்ததும் ஆரம்பித்தான்.

"இன்னா ஜாக்கு, மாதா தேரு வுடப் போறியா?"

"நீ ஸ்க்ரூவப் புடி."

ஆறு ஃபேன்களையும் காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சிமென்ட் ஷீட் கூரை. சூட்டை வெளியே தள்ளுவதுதான் ஃபேனின் வேலை என்பது எல்லாருக்கும் தெரியும்; எல்லா அடுப்படியிலும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான். வேறு மாதிரி மாட்டலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

பத்ரி கேட்ட யாளிப் படம் பாதி வந்தபோது மிஷின் மறுபடி நின்றது.

ஆபீசுக்கே போயேன், ஏசியாவது கிடைக்கும் என்றான் ஜோஷ்வா. அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒவ்வொரு ஓட்டையிலும் இடுக்கிலும் வெள்ளையாகக் கல்தூள். பிராசசரின் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது அடைந்து கிடந்தது. எதிர்ச் சாரியில் கல் தேய்க்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தினியும் வெளியவே தள்ளிக்கினு கீது. உள்ள வர்றதுக்கு நம்ம வழியே வுடல. அதான் தூளு பொத்தலு பொத்தலா பூந்து வந்துக்கீது."

ஜாக்குலின் சொல்லிக்கொண்டே பிரஷ்ஷால் துடைத்தாள். முன்பக்கத்து மூன்று ஃபேன்களைக் கழற்றி உள்பக்கம் வீசும்படி திருப்பினாள். அவற்றின் முன்னால் கழற்றித் துவைக்கிற மாதிரி நைலான் வலை ஒன்றைக் கட்டினாள். பிறகு பத்ரிக்குப் போன் செய்தாள்.

"மிஷின் நின்னுடுச்சி சார். நின்னா வரேன்னு சொன்னேன். வரல."

சனிக்கிழமை யாளி வராவிட்டால் அடுத்த வேலைகளுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் பத்ரி, அதே தணிந்த குரலில்.

"வரும் சார். எம்பேரோட வரும்."

சனிக்கிழமை பத்ரி நேரிலேயே வந்தார். மிஷின் நிற்காமல் ஓடி முடித்திருந்தது. யாளியின் பல்வரிசையைக் குனிந்து பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு அவர் கண் பெட்டிக்குள் ஓடும் நிறங்களின் மேல் போயிற்று.

"கோயில் சிற்பம் பண்ற எடம். இந்த லைட்ட மட்டும் அணைச்சுடலாமே."

ஜாக்குலின் ரிமோட்டை எடுத்தாள். சிவப்பு போயிற்று, பச்சை போயிற்று. ஆறு ஃபேன்களும் ஒரே நீலத்தில் நின்றன. தெருமுனையில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலையின் கோட்டு நீலம்.

ரிமோட்டை மேசைமேல் வைத்தாள்.

"இது இப்பிடியேதான் எரியும் சார்" என்று சொல்லி, யாளி இருந்த திரையை அவர் பக்கமாகத் திருப்பினாள். கீழ் மூலையில் அவள் பெயர் இருந்தது.