இருபத்திரண்டுக்கு ஒன்று

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் ரண்டர்ஸ் என்ற டேனிஷ் நகரில் இருக்கிறது. அங்கே பார்வை முழுவதும் போன ஒரு கிழவருக்குக் காலையில் உடை மாற்றிக் கோப்பி கொடுப்பது என் பொறுப்பு. டேனிஷ்காரர்தான், ஆனால் சின்ன வயதில் அமெரிக்காவில் வளர்ந்தவர். வாயைத் திறந்தால் பேஸ்போல். எனக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அவருடைய சப்பாத்து நாடாவைக் கட்டி முடிக்கும்வரை ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தி ஒரு கதை சொன்னார். உலகப் போர்க் காலம். சம்பளத்துக்கு ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள் படைக்குப் போய்விட்டதால் அணிகள் மீசை முளைக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டனவாம். அப்படிப் பதினேழு வயதில் பந்து எறியப் போனவர் இவருடைய அண்ணன். முதல் ஆட்டத்திலேயே எதிரணி அவர் எறிந்த பந்துகளை அடித்து நொறுக்கியது. மானம் போகிறது என்று தகப்பன் பாதி ஆட்டத்தில், பார்க்க வந்திருந்த இவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அடுத்த வருடம் அண்ணனும் போருக்குப் போனார், திரும்பி வரவில்லை.

"இப்ப எல்லாம் போனில இருக்குதாமே. கடைசியில என்ன நடந்தது எண்டு பார்த்துச் சொல்லு," என்றார்.

வீட்டில் மகள் தேடினாள். பழைய செய்தித்தாள் பக்கம் ஒன்று அகப்பட்டது. இருபத்திரண்டுக்கு ஒன்று. தோற்றது அண்ணனின் அணி. கடைசிப் பந்துவரை எறிந்தது அவர்தான். ஆளை மாற்றட்டுமா என்று பயிற்சியாளர் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தார் என்றும் எழுதியிருந்தது.

"பாவம் மனுசன். இதை எப்பிடிச் சொல்லுறது?" என்றேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ," என்று மகள் டேனிஷில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லி வளர்ந்தவர்களா நாங்கள்? எங்கள் நாட்டில் போர் நடந்த காலத்தில் ஊரிலிருந்து எப்போதாவது போன் வந்தால், செல் குண்டு விழுந்த கிழமையும் "இஞ்ச எல்லாரும் சுகம்" என்பார்கள். வேலை பறிபோய் நின்ற நாங்களும் "ஓம், இஞ்சயும் நல்ல சுகம்" என்போம். கெட்ட செய்தியை மெழுகிச் சொல்வது எனக்கு ஊறிப்போன பழக்கம்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "நீங்கள் வெளிக்கிட்ட கையோட அண்ணாவை வெளியில எடுத்திட்டினமாம். பிறகு அடி வாங்கினது வேற ஆள். உங்கட அண்ணாவில பிழை இல்லை."

பெரிய புண்ணியம் செய்த நினைப்போடு கோப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அப்ப, அப்பா சொன்னது சரிதான்," என்றார். "அவன் பாதியில விட்டிட்டு ஓடிவருவான் எண்டு வழியில சொன்னார். இல்லை, கடைசிவரை நிண்டிருப்பான் எண்டு எண்பது வருசமா மனதுக்குள்ள அவரோட சண்டை பிடிச்சனான்."

நீட்டிய கோப்பியை மேசையில் வைத்தேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அறையில் மணி அடித்ததைச் சாட்டாக வைத்து வெளியேறினேன். வெட்கம்தான், வேறென்ன. இரண்டு நாள் அவர் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அச்செடுத்துக் கொண்டுபோன பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். முதல் சொன்னது பொய், என்னை மன்னியுங்கோ என்றேன்.

அவர் சிரித்தார். தடவி என் கையைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல பிள்ளை. எனக்காக எவ்வளவு வடிவா ஒரு பொய்யைச் சோடிச்சிருக்கிறாய்."

என்னோடு வேலை செய்யும் டேனிஷ் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்க வைத்தேன். "அவளுக்கும் சொல்லிக்குடுத்திட்டியா?" என்றார். தாளை அவர் கையில் வைத்தேன். அதை நான்காக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

இன்றும் காலையில் அவருக்கு உடை மாற்றுவது நான்தான். இப்போது அவர் பேஸ்போல் கதை எடுப்பதில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டி முடிக்கும்வரை அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.