ட்ரிப்பருக்கு ஒரு பொட்டு

என் வீட்டுக்காரர் வெகுகாலம் வளைகுடாவில் லாரி ஓட்டினார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவர் மரம் அறுக்கும் மிஷினோடு வந்து இறங்கினார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் வைக்கோல் கொட்டகைதான் பட்டறை. இனிமேல் கட்டில், அலமாரி எதையும் கடையில் வாங்க வேண்டாமாம். சரி, மனுஷன் ஆசைப்பட்டுவிட்டார்.

"கரண்டு மட்டும் என் சொல்படிதான்" என்றேன். சம்பா நடவு நேரத்தில் அந்தக் கொட்டகைத் தரை காய்வதே இல்லை. இவரோ தொழில் செய்யும் இடம் கோயில் மாதிரி என்று வெறுங்காலோடுதான் உள்ளே போவார். அதனால் மீட்டரிலிருந்து தனி லைன், தடித்த ஒயர், கரியும் உப்பும் கொட்டிய எர்த் குழி, கரண்டு கசிந்தால் தானே விழுந்துவிடும் ட்ரிப்பர், எல்லாம் போட வைத்தேன். "இது அடிக்கடி விழுந்தா திட்டாதீங்கம்மா. எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்" என்று ஒயரிங் செய்தவர் சொல்லிவிட்டுப் போனார். அதைக் காதில் போட்டுக்கொண்டது நான் ஒருத்திதான்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை முதல் ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மிஷினுக்கோ அபிஷேகமே நடந்தது. சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து சுவிட்ச் மேலேயே அப்பி, செம்புத் தண்ணீரையும் தாராளமாகத் தெளித்தார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டார். டப்! ட்ரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டார். மறுபடியும் டப்!

"நல்ல நாளும் அதுவுமா, சனியன்" என்று என் தம்பிக்குப் போன் போட்டார். அவனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. பம்புசெட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் அவனிடம் இருப்பது ஒரே மருந்து, 'டைரக்ட்'. வந்ததும் வராததுமாக, "இந்த ட்ரிப்பர், எர்த்து ரெண்டையும் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடலாம் அத்தான்" என்றான். இவரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "குடுடா. ஆனா மொதல்ல நீ அந்த ஈரத்துல வெறுங்காலோட நின்னு மிஷின்ல கைய வை. என் தாலிய வெச்சு டெஸ்ட் பண்ணாத" என்றேன். அத்தனை வருஷம் இவரைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தது, கடைசியில் கொட்டகையில் பறிகொடுக்கவா?

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். ட்ரிப்பரைத் தூக்கினேன், நின்றது. அப்படியென்றால் கோளாறு மிஷினில்தான். பிளக் வெளியேதான் கிடக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, சுவிட்சைக் கழற்றச் சொன்னேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். உள்ளே ஒயர் முனையிலிருந்து இரும்பு உடம்பு வரைக்கும் ஈரச் சந்தனம், கமகமவென்று.

"அத்தான், சாமிய உள்ளயே எறக்கிட்டீங்களே!" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. இவர் மட்டும் சிரிக்காமல் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மிஷினைத் துடைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, புது சுவிட்ச் மாட்டிய பிறகு அது ஓடியது. ட்ரிப்பர் அசையவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு வெறும் பூ மட்டும். சந்தனக் கிண்ணத்தோடு ட்ரிப்பர் பக்கம் போனவரைப் பார்த்து, "என்னங்க!" என்று கத்தினேன். பயப்படாதே என்று கையைக் காட்டிவிட்டு, பெட்டியில் படாமல் தள்ளிச் சுவரில் ஒரு பொட்டு வைத்தார். காலில் ரப்பர் செருப்பு.

"அன்னைக்கு டைரக்டா குடுத்திருந்தா, இந்தப் பொட்டை நீ என் போட்டோவுக்குல்ல வெச்சிட்டு இருப்ப" என்றார்.

"நல்ல நாளும் அதுவுமா, வாயக் கழுவுங்க" என்றேன்.