அண்ணனின் புது ஆல்பம்

பெரியப்பா மகன் புது ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியிருப்பதை பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேன். மூன்றாவது பாட்டு ஓடியதும் உடம்பெல்லாம் எரிந்தது. அது நான் போட்ட மெட்டு. பாட்டு விவரத்தில் என் பெயரே இல்லை.

பாப்பாரப்பட்டியில் அந்த அண்ணனுடைய தக்காளி மண்டிக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நாங்கள் நாலு பேர் ராக் வாசித்தோம். கேட்பவர் தலை கிறுகிறுக்கும் நீளமான பாட்டுகள். ஓர் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிய கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுவோம். எல்லோரும் பாராட்டியது கிடாரின் கரகரப்பை. கிடாரைச் செருகி வாசிக்கும் என் பழைய ஆம்ப்பில் ஸ்பீக்கர் கிழிந்திருந்ததால் வந்த சத்தம் அது.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனதுமே அண்ணன் சொன்னான்: "உனக்குக் கல்யாணம் ஆவப் போவுது பாப்பா. இனிமே இதெல்லாம் வேணாம்."

அந்தச் சம்பந்தம் முறிந்தது. ஆனாலும் அவன் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆல்பத்தின் வெளியீட்டு விழாவுக்கு தர்மபுரியில் மண்டபம் பிடித்திருந்தான். அதற்கு முன் வீட்டுக்கு வந்தான்.

"உன் ஆம்ப்ப ஒரு நாளைக்குக் குடு பாப்பா. அந்த சவுண்டு வேற எதுலயும் வர மாட்டேங்குது."

"மூணாவது பாட்டு யாருதுண்ணா?"

"குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "சனிக்கெழம வந்து எடுத்துக்கண்ணா" என்றேன். அவன் போனதும் சேலத்துக்குப் போய்ப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்து மாட்டினேன். முன்னாலிருந்த துணியைப் பழையபடியே இழுத்து ஒட்டினேன். முன்கூட்டி வந்து சத்தம் சரிபார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

விழாவன்று மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு தொடங்கியது. கிடார் கண்ணாடி மாதிரி சுத்தமாக ஒலித்தது. அண்ணன் ஒவ்வொரு குமிழாகத் திருகினான். சத்தம் கூடியதே தவிர, கரகரப்பு வரவில்லை. "கல்யாணக் கச்சேரியாட்டம் இருக்குதே" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். அந்தக் கரகரப்பைக் கேட்கவே பெங்களூரிலிருந்து வந்திருந்த ரசிகர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். திரும்பி வரவில்லை. அவன் முகம் வியர்ப்பதை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா பண்ண அதுல?" என்றான், மேடையிலிருந்து இறங்கியதும்.

"ரிப்பேர் பண்ணேண்ணா."

மறுவாரம் மூன்றாவது பாட்டில் அண்ணனே என் பெயரை ஏற்றினான். எனக்கு அது போதவில்லை. டிரம்ஸ் வாசிப்பவனையும் பேஸ் வாசிப்பவனையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எங்கள் மூவரின் முதல் ஆல்பத்தின் வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அடித்து, நேராக மண்டிக்குப் போய் அண்ணன் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை.