நீலம் பாரித்த தங்கத் தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அப்பா, "தங்கத்துல ஆராய்ச்சிங்க" என்பார். கேட்டவர்கள் என் வெறுங்கழுத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை பொறுக்காமல்தான், ஒரு விடுமுறைக்கு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வரும்போது கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கொண்டுவந்தேன். கண்ணுக்குத் தெரியாத தங்கப் படிகங்கள் தனித்தனியாக மிதக்கும் தண்ணீர். மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். அப்பா அதை வெயிலில் பிடித்து லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் காட்டினார். அம்மா வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. நான் வாசலில் நின்று தோட்டத்து லொறிக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா ஒரு பிடி கல்லுப்பை எடுத்து அவர் தலையைச் சுற்றியிருக்கிறாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் போடுவது எங்கள் வழக்கம். உப்பு கரைவதுபோல் கண்ணூறும் கரைய வேண்டும். எப்போதும் செம்புத் தண்ணீரில் போடுகிறவள், அன்று என் குப்பியைத் திறந்து சில உப்புக் கற்களை அதில் போட்டாள். தங்கத்தில் கரைந்தால் சீக்கிரம் பலிக்குமாம்.

"ஐயோ, நீலம் பாரிச்சிருச்சே!" என்ற அலறல் கேட்டு ஓடினேன். சிவப்பு போய்விட்டிருந்தது. அப்பா அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

கருமாதி முடிந்தும் அம்மா காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. "நாந்தான் கொன்னுட்டேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு படித்து, பெற்றவளின் பழியைத் துடைக்க முடியாவிட்டால் அது என்ன படிப்பு? பல்கலைக்கழகத்துக்குப் போய் இன்னொரு குப்பியோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இதுல இருக்கிற தங்கத் துணுக்குங்க ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு தனித்தனியா நிக்கும்மா. அப்ப பச்சை வெளிச்சத்த முழுங்கும், நமக்கு செவப்பாத் தெரியும். உப்பு விழுந்தா தள்ள முடியாது, கும்பலா ஒட்டிக்கும். ஒட்டினா செவப்பு வெளிச்சத்த முழுங்கும், நீலமாத் தெரியும். அவ்வளவுதான்."

உப்பைப் போட்டேன். நீலமானது.

"பாருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அம்மா குப்பியைக் கையில் வாங்கினாள். "யாரு போட்டாலும் இப்பிடித்தானா?"

"யாரு போட்டாலும்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் மூச்சுவிட்டேன்.

"உப்ப எடுத்துட்டா திரும்ப செவப்பாயிருமா, புள்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பாடம்தான். "இல்லம்மா. ஒட்டினது ஒட்டினதுதான். உப்பக் கழுவி எடுத்தாலும் பிரியாது."

"அப்ப நான் போட்டது போட்டதுதான்" என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.