மாற்றங்களைச் சேவ் செய்யவா?

போன செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. ரெஜினாவிடமிருந்து போன்.

"அடிச்ச லெட்டரைக் காணோம்டி. ஓனர் வர்றதுக்குள்ள ஏதாவது சொல்லு."

ரெஜினா என் காலேஜ் தோழி. பாலக்கரையில் வீடு. பையன் வேலை கிடைத்து வெளியூர் போனதும், ஐம்பத்திரண்டு வயதில் தானும் ஒரு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் — மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில் ஆபீஸ். அன்று இரண்டாவது நாள். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று ஓனர் கேட்டதற்கு, "தெரியுங்க" என்றிருக்கிறாள். தெரிந்தது டைப்ரைட்டிங். அது போதாதா என்ன?

விஷயம் இதுதான். துவாக்குடி பக்கம் ஒரு ஹாஸ்டலுக்குப் போன லோடில் குருணை மூட்டைகள் கலந்துவிட்டன. மாற்று மூட்டைகளோடு நாலு மணிக்கு வண்டி கிளம்புகிறது. கூடவே ஒரு விளக்கக் கடிதம் போக வேண்டும். ஓனர் சொல்லச் சொல்ல, இவள் இரண்டு பக்கம் அடித்திருக்கிறாள்.

"மேல வலது ஓரத்துல மூணு குறி இருக்கும் பாரு. கோடு, கட்டம், பெருக்கல். எதை அமுக்கின?"

"கோடு."

"அது மினிமைஸ். லெட்டர் எங்கயும் போகல. ஸ்கிரீனுக்கு அடியில ஒரு பட்டை இருக்கில்ல... அதுல உன் ஃபைலைக் கிளிக் பண்ணு."

"வந்துடுச்சுடி." குரலில் உயிர் வந்தது.

கால் மணி நேரத்தில் மறுபடியும் போன்.

"ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். மூடலாம்னு பெருக்கலை அமுக்கினேன். சேஞ்சஸ் சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டி?"

"நான் எதையும் மாத்தலையே. அவர் சொன்னதை அப்படியேதானே அடிச்சேன்."

யோசித்தால் அவள் பக்கம்தான் நியாயம். வெற்றுத் தாளில் ஓர் எழுத்து விழுந்தாலும் அது 'மாற்றம்' என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"ஒரு தடவைகூட சேவ் பண்ணலையா? அப்ப கஷ்டம்தான்டி."

"சரி, வை. மறுபடி அடிக்கிறேன்."

மீதியைச் சாயங்காலம் சொன்னாள். இரண்டு பக்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை. நினைவில் நின்றதை மட்டும் அடித்தாள். குருணை கலந்தது எங்கள் தவறு, மூட்டைகளை மாற்றி அனுப்பியிருக்கிறோம், இனி நேராது — மொத்தம் ஆறு வரி. இந்த முறை சேவ் செய்தாள். பிரிண்டும் எடுத்தாள்.

ஓனர் நின்றபடியே படித்தார்.

"நான் இவ்வளவுதானாம்மா சொன்னேன்?"

வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். "நிறைய சொன்னீங்க. சேவ் பண்ணத் தெரியாம விட்டுட்டேங்க."

"லாரிக்காரர் மேல தப்புன்னு ஒரு பாரா சொன்னேனே?"

"அது மனசுல நிக்கலைங்க."

அவர் இன்னொரு முறை படித்தார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். வண்டி கிளம்பியது.

மறுநாள் ஹாஸ்டலிலிருந்து போன். லெட்டர் கிடைத்ததாம், அடுத்த லோடும் இங்கிருந்தே அனுப்பச் சொன்னார்களாம். ரெஜினா இப்போது தினமும் மண்ணச்சநல்லூர் பஸ்ஸில்தான் போகிறாள்.

நானோ இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் ஒன்பது தடவை சேவ் செய்துவிட்டேன் — அழிந்தால் நன்றாக வரும் என்று நம்புகிற தைரியம் எனக்கு இல்லை.