பொத்தான் அக்காவுக்கு ஒரு அண்ணன்

எங்கள் தையல் கம்பெனியில் அவளைப் பொத்தான் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக்குப் பொத்தான் வைப்பதும் பிசிர் நூல் வெட்டுவதும் அவள் வேலை. என் மெஷினுக்கு அடுத்த ஸ்டூல் அவளுடையது. எனக்கு வாய் நீளம் என்பார்கள். அவள் பக்கத்தில் நான் ஊமை. கட்டிங் மாஸ்டருக்கும் அவளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அவர் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். "இன்னும் நல்லா இழுங்க. உங்க பல்லு கழண்டாலும் அது கழலாது" என்பாள்.

சொந்தபந்தம் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது. "எல்லாரும் செத்துட்டாங்க. நான்தான் கொன்னேன். போதுமா?" என்று எரிந்து விழுவாள். ஆனால் கம்பெனியில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான். அழமாட்டாள். அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிப்போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலைக்கு வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

"சொந்தக்காரங்க வந்தாத்தான் பாடியைத் தருவோம்" என்றார் பிணவறை குமாஸ்தா. "பேப்பர்ல படம் போடுவாங்க. குறிச்ச நாளுக்குள்ள யாரும் வரலைன்னா நாங்களே புதைச்சிடுவோம்."

"எங்கே?"

"அநாதைங்களுக்குன்னு தனியா இடம் இருக்கு. பேரெல்லாம் கிடையாது, நம்பர்தான்."

எனக்கு வந்ததே கோபம்! ஊரார் சாவுக்கெல்லாம் ஓடியவளுக்கு ஒரு நம்பரா? கெஞ்சினேன், கத்தினேன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

பேப்பரில் படம் வந்தது. கெடு முடியும் வரை ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாள் நான் மறுபடி போய் நின்றபோது, பின்னாலேயே மாஸ்டர் வந்தார். நேராக மேஜைக்குப் போய், "நான் அவ அண்ணன்" என்றார். அப்பா பெயர் கேட்டதும் தன் அப்பா பெயரைச் சொன்னார். பெற்றவர்கள் இருக்கிறார்களா என்றதற்கு, "ரெண்டு பேரும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "இப்படி ஒரு வாயாடியைப் பொண்ணா எழுதிக் கொடுத்துட்டியேடான்னு எங்கப்பா மேலேர்ந்து என்னைத் திட்டப் போறாரு" என்று சிரித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. குழியருகே, "கூடப்பிறந்தவர் முதல்ல மண்ணு போடுங்க" என்றார்கள். போட்டார்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், அந்தப் பேப்பர் படத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கம்பெனிக்கு வந்தார். "இவ என் தங்கச்சிங்க. போன வாரம்தான் ஒருத்தர் இதைக் காட்டினாரு." அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவளாம்.

மாஸ்டர் முகம் வெளிறிப்போயிற்று. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிக் கைகூப்பினார். "நீங்களாவது இருந்தீங்களே" என்றார் வந்தவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வருஷமா எங்கய்யா போயிருந்தீங்க?" என்று கேட்டே விட்டேன்.

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். "அம்மா படுத்த படுக்கையா கெடக்காங்க. இவ செத்தது அவங்களுக்குத் தெரியாது. அவ இருக்கற இடம் தெரிஞ்சிடுச்சுன்னு யாரோ உளறிட்டாங்க. அன்னையிலேர்ந்து அவளோட பேசணும்னு ஒரே பிடிவாதம். காதும் சரியா கேக்காது. அவ பேசற மாதிரி ஒரு வார்த்தை பேசிடுங்கம்மா."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செத்தவளுக்குப் பதிலாகப் பேச நான் யார்? அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "கோபம் போயிடுச்சாடி?"

அவள் கோபம் போயிற்றா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்? 

"போயிடுச்சும்மா."

"அப்ப கிளம்பி வாடி."

"வரேம்மா" என்றேன்.