கிழித்துப் போட்ட பத்திரிகை

அண்ணன் போய் மூன்று மாதம் ஆகியும் அவன் மகள் அழவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. சனிக்கிழமைகளில் அண்ணி வேலைக்குப் போகும்போது, மாம்பலத்திலிருந்து அழைத்துவந்து மயிலாப்பூரில் என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அழுது தொலைத்தால் தேவலையே என்று இருக்கும் எனக்கு.

சும்மா உட்காரவைக்க மனம் வராமல், குப்பைக் காகிதத்தை அட்டையில் ஒட்டி முகம் செய்யும் விளையாட்டை ஆரம்பித்தேன். பழைய பேப்பர் போட்டுவைக்கிற கட்டைப்பையைக் கூடத்தில் கொட்டினேன். மாடி வீட்டு இரட்டைப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். துணிக்கடை நோட்டீஸ், காலண்டர் தாள், பிஸ்கட் உறை எல்லாம் மூக்கும் முழியும் ஆயின. என் முகத்துக்கு மட்டும் மூன்று வாய் ஒட்டினார்கள். நான் ஓயாமல் பேசுகிறேனாம். கொழுப்பைப் பார் கழுதைகளுக்கு என்று திட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை அவள் யாரோடும் சேராமல் மூலையில் உட்கார்ந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னடி வேணும், மூக்கா, புருவமா என்று கேட்டுக்கொண்டே கிட்டே போனேன். அட்டையில் அண்ணனின் நெற்றி, ஒரு கண், பாதி மீசை.

அது அவனுடைய காரியப் பத்திரிகை. பதினாறாம் நாளுக்கு அச்சடித்து, மிஞ்சியதில் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. கருமாதிப் பத்திரிகையை வீட்டில் வைக்கக் கூடாது, பார்த்ததும் கிழித்துப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யார் யாருடையதையோ கிழித்துப் பழகிய கை, பாவி, அவனுடையதையும் கிழித்தது. உள்ளே அவன் படம் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பாதித் துண்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின. மீதி பக்கத்திலிருந்த இந்தப் பையில் விழுந்திருக்கின்றன.

"அத்தே, அப்பாவோட இன்னொரு கண்ணு எங்க?"

காற்றில் பறந்திருக்கும் என்று புளுகினேன். உடனே மூன்று பிள்ளைகளும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேட ஆரம்பித்தார்கள். இல்லை என்று தெரிந்தும் நானும் குனிந்து தேடினேன். வெட்கக்கேடு. வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கையிலிருந்த துண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"யாரு கிழிச்சது?"

"நான்தாண்டி."

அப்போதுதான் அழுதாள். ஏன் கிழிச்சீங்க, ஏன் கிழிச்சீங்க என்று இரண்டு கையாலும் என்னை அடித்துக்கொண்டே அழுதாள். வழக்கம் என்று அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? இரட்டையர் பயந்துபோய் மாடிக்கு ஓடிவிட்டார்கள். அடிடி, நல்லா அடி என்று நான் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.